உப்பு நிற்கும் இடத்தில் நீரும் நிற்கும்

சடையங்குப்பம், எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளிலிருந்து சிறுநீரக நோய்ப் பிரிவுக்கு வருவோர் எம்மிடம் கேட்கும் கேள்விகளுள் பெரும்பாலானவை நீரைப் பற்றியவை. ஆர்.ஓ. தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் தேறுமா? கொதிக்க வைத்தால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடுமா? முதல் நாள் டயாலிசிஸை ஏன் இரண்டே மணி நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள்? தண்ணீரை அளந்துதான் குடிக்கிறார், பிறகு ஏன் கால் வீங்குகிறது? ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் நீர் மூலக்கூறுகளும் அவற்றில் கரைந்த பொருள்களும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை ஒருமுறை தெளிந்துகொண்டால், இந்நான்கு கேள்விகளுக்கும் விடையைத் தாமே சொல்லிவிடலாம். அதற்காகவே இக்கட்டுரை.

நீரின் ஒரு மூலக்கூறில் ஆக்சிஜன் அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் உள்ளன. மூன்றும் நேர்க்கோட்டில் அமைவதில்லை; ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் மிகுதியாக இழுத்துக்கொள்வதால் அப்பக்கம் சற்றே எதிர் மின்தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர் மின்தன்மையும் பெறுகின்றன. நீரின் குணங்கள் பலவற்றுக்கு இச்சிறு சாய்வே வேர்.

சமையல் உப்பை நீரில் இட்டால் என்ன நிகழ்கிறது? உப்புப் படிகம் என்பது நேர் மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளும் எதிர் மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகளும் மாறிமாறி அடுக்கப்பட்ட ஓர் அணிவகுப்பு. நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் பக்கத்தைச் சோடியத்தை நோக்கித் திருப்பி அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. ஹைட்ரஜன் பக்கத்தைக் குளோரைடை நோக்கித் திருப்புகின்றன. இவ்வாறு சூழப்பட்ட அயனிகள் படிகத்திலிருந்து பெயர்ந்து நீருக்குள் உலவத் தொடங்குகின்றன. நாம் ‘கரைந்துவிட்டது’ என்கிறோம். உப்பு மறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரிந்து நிற்கிறது, அவ்வளவே.

எண்ணெயில் இத்தகைய மின்சாய்வு இல்லை. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எண்ணெயை ஒதுக்கிவிடுகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படலமாக மிதந்து, படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கரும்பட்டையாக ஒட்டியதை இப்பகுதி மக்கள் அனைவரும் கண்டோம். கரையாத பொருளாதலால்தான் அது கண்ணுக்குப் பட்டது. கரைந்த பொருள் அவ்வாறு காட்டிக்கொடுக்காது. பளிங்கு போல் தெளிந்த நீரிலும் உப்பு இருக்கலாம். தெளிவை வைத்து நீரின் தரத்தை முடிவு செய்யலாகாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கொதிக்க வைப்பதைப் பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. கொதிநிலையில் கிருமிகள் மடிகின்றன. ஆவியாக வெளியேறுவதோ நீர் மூலக்கூறு மட்டுமே. சோடியமும் குளோரைடும் பாத்திரத்திலேயே தங்கிவிடுகின்றன. கால்சியம், மெக்னீசியத்தில் ஒரு பகுதி வெண்படிவாகப் பாத்திரத்தின் அடியில் ஒட்டும். ஆனால் உப்புக்கரிப்புக்குக் காரணமான சோடியம் குறையாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பாத்தியில் நிறுத்திய கடல்நீரை வெயில் குடிக்கிறது. உப்பு பாத்தியில் நிற்கிறது.

நம் நிலத்தடி நீர் உப்பானதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஆகியவற்றின் படுகையில் மீஞ்சூரைச் சூழ்ந்துள்ள மணற்பாங்கான நிலம் ஒரு காலத்தில் சென்னைக்கு நன்னீர் தந்த ஊற்று. பாசனத்துக்கும் நகரக் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல்லாண்டுகள் அளவின்றி இறைத்ததால், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்நோக்கிப் புகுந்துவிட்டது. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. ஆகவே கரையோர நிலத்தடியில் நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாக நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலநீரியலின் பழைய கணக்கு. இதன் மறுபக்கம் கொடியது. மேலே ஒரு மீட்டர் இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவர இடமுண்டாகும். கிணற்றில் ஒரு மீட்டர் இறங்கியதை நாம் காண்கிறோம். அடியில் ஏறியதைக் காண்பதில்லை.

மணல் எதையும் வடிகட்டித் தடுப்பதில்லை. நீரையும் உப்பையும் ஒருசேர விடுகிறது. உடலின் உயிரணுச் சவ்வு அப்படிப்பட்டதன்று. அது நீரை எளிதில் விடும். உப்பை எளிதில் விடாது. இத்தகைய தடுப்பை ‘ஒரு கூறு புகவிடும் சவ்வு’ என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அதன் ஒருபுறம் உப்பு மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இருந்தால், உப்பு கடக்க இயலாத நிலையில் நீர் கடக்கிறது: உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு. இதுவே சவ்வூடு பரவல்.

இதனை ஆய்வுக்கூடத்தில்தான் காண வேண்டுமென்பதில்லை. மாவடுவில் உப்பிட்டுக் குலுக்கி வைத்தால், நீரே ஊற்றாதபோதும் மறுநாள் ஜாடியில் நீர் நிற்கும், மாவடு சுருங்கியிருக்கும். காசிமேட்டில் மீனைக் கீறி உப்புத் தடவிக் கருவாடு ஆக்குவதும் இதே விதியின்படிதான். வெளியே உள்ள உப்பு மீன்தசையின் நீரை வெளியே வரச் செய்கிறது. தசையில் வந்து தங்கும் கிருமியின் உடலிலிருந்தும் அதே வழியில் நீர் வெளியேறுவதால் அது பெருக இயலாமல் போகிறது. நெய்தல் நிலத்தார் இவ்வறிவை எழுதி வைக்காமலே தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்துள்ளனர்.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உப்பு நீரை ‘இழுக்கிறது’ என்று பேச்சு வசதிக்காகச் சொல்கிறோம். உண்மையில் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் எத்திசையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சவ்வை இருபுறமிருந்தும் கடக்கின்றன. உப்பு மிகுந்த பக்கத்தில் கட்டற்றுக் கடக்கக்கூடிய நிலையில் உள்ள நீர் சற்றுக் குறைவு. ஆகவே போவதும் வருவதும் கழிந்து எஞ்சும் நகர்வு உப்பு மிகுந்த பக்கத்துக்கு அமைகிறது. இந்நகர்வைத் தீர்மானிப்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கை, அவற்றின் பருமனன்று. ஒரு கிராம் குளுக்கோஸில் உள்ள துகள்களைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு துகள்கள் ஒரு கிராம் சமையல் உப்பில் உள்ளன. உப்பைப் பற்றி நாங்கள் ஓயாமல் எச்சரிப்பதன் கணக்கு இதுதான்.

நீர் சவ்வை எவ்வழியே இத்துணை விரைவாகக் கடக்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1992இல் அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஆக்ரேயின் குழுவினர், இரத்தச் சிவப்பணுக்களிலும் சிறுநீரக நுண்குழல்களிலும் நீருக்கென்றே அமைந்த புரதக் கால்வாய்களை இனங்கண்டனர். அக்வாபோரின் என்பது அதன் பெயர். நீர் மூலக்கூறுகள் அதற்குள் ஒற்றை வரிசையில் செல்கின்றன. ஒரு கால்வாய் வழியே ஒரு நொடியில் ஏறத்தாழ 300 கோடி மூலக்கூறுகள். அயனிகளுக்கு அங்கே இடமில்லை. இக்கண்டுபிடிப்புக்காக 2003இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி நம் உடலுக்கு வருவோம். சோடியத்தை உயிரணுவுக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் இயந்திரம் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் உண்டு. ஆதலால் நாம் உண்ணும் உப்பின் சோடியம் பெரும்பாலும் இரத்தத்திலும் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட இடங்களிலுமே தங்குகிறது. சோடியம் எங்கே தங்குகிறதோ அங்கே நீரும் தங்கும். மருத்துவமனையில் ஏற்றப்படும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உடலின் கணக்கும் ஏறத்தாழ அதுவே. வெளியேற வழியில்லாத 8 அல்லது 9 கிராம் உப்பு, ஒரு லிட்டர் நீரை உடலில் நிறுத்திவைக்கும்.

நலமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, ஒன்றரை, இரண்டு லிட்டர் தவிர மற்றெல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகின்றன. மிகையான உப்பும் நீரும் அந்த ஒன்றரை லிட்டரில் கணக்காக வெளியேறுகின்றன. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இந்த வாயில் அடைபட்டுவிடுகிறது. ஆனால் தாகம் அடைபடுவதில்லை. இரத்தத்தின் செறிவு நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளையின் அடிப்பகுதியிலுள்ள உணரிகள் தாகத்தை எழுப்பிவிடும். உப்பு மிகுந்த உணவு உண்டவர் தாகத்தால் நீர் அருந்துகிறார். அந்நீர் உப்போடு சேர்ந்து தங்குகிறது. கால் வீங்குகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. ‘தண்ணீரைக் குறையுங்கள்’ என்று வீட்டார் நோயாளியைக் கடிந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தாகம் மன உறுதியின் குறைபாடன்று; அது உடலின் கட்டளை. குறைக்க வேண்டியது தட்டில் உள்ள உப்பு. உப்பைக் குறைத்த வீட்டில் நீரைக் குறைப்பது பாதி எளிதாகிவிடும். சர்க்கரை நோயும் உள்ளவராயின் இரத்தச் சர்க்கரை ஏறும்போதும் இதே தாகம் எழும்; அங்கே முதல் மருந்து சர்க்கரைக் கட்டுப்பாடு.

எவ்வளவு நீர் அருந்தலாம்? டயாலிசிஸில் உள்ள பெரும்பாலோருக்கு, முந்தைய நாள் கழித்த சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை சேர்த்துக் கணக்கிடுகிறோம். கஞ்சி, ரசம், மோர், தேநீர் எல்லாம் இதில் அடங்கும். உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

இதோடு ஒட்டிய இரண்டு தவறான நம்பிக்கைகளைச் சுட்ட வேண்டும். இந்துப்பு தீங்கற்றது என்று பலர் விலை கொடுத்து வாங்குகின்றனர். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுவதோ இன்னும் அஞ்சத்தக்கது. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. சிறுநீரகம் இயங்காதவரின் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடக்கூடும். இளநீர் பற்றியும் இதே எச்சரிக்கை. கருவாட்டுக் குழம்பை அடியோடு விட முடியவில்லை என்று சொல்லும் எண்ணூர்க்காரர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஊறவைத்து நீரை மாற்றிக் கழுவினால் உப்பு குறையும். ஆனால் போதிய அளவு குறையாது. அதே சவ்வூடு கணக்கைக் காய்கறியில் நமக்குச் சாதகமாக ஆக்கிக்கொள்ளலாம். உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தின் பெரும்பகுதி நீரோடு போய்விடும். வேகும்போது உயிரணுச் சவ்வுகள் சிதைவதால் உள்ளிருந்த பொட்டாசியம் பரவி வெளியேறுகிறது. வெறுமனே குளிர்ந்த நீரில் ஊறவைப்பதால் அவ்வளவு பயனில்லை.

ஆர்.ஓ. நீர் பற்றிய கேள்விக்கு இப்போது வரலாம். இயல்பான சவ்வூடு பரவலில் நீர், உப்பு மிகுந்த பக்கத்துக்குச் செல்கிறது. அப்பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் அந்நகர்வு நின்றுவிடும். அழுத்தத்தை மேலும் கூட்டினால் நீர் எதிர்த்திசையில், உப்பைப் பின்னே விட்டுவிட்டு வெளியேறும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். கடல்நீருக்கு இவ்வெல்லை வளி அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. நடைமுறையில் அதனினும் இருமடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். இதற்குத் தாங்கும் மெல்லிய சவ்வை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உருவாக்கியவர்கள் இருவர்: சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். இன்று நம் தெருமுனைக் கேன் தண்ணீர் நிலையம் வரை வந்துசேர்ந்த இத்தொழில்நுட்பத்தின் தொடக்கத்தில் நம்மவர் ஒருவரின் பெயர் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. நமக்கு அண்மையில், காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடன் இவ்வழியே இயங்குகிறது.

குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்றது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 மில்லிகிராம் வரை ஒப்புக்கொள்ளலாம் என்றும் இந்திய தர நிர்ணயம் கூறுகிறது. வீட்டுக் கிணற்று நீர் கரிக்குமானால் குடிக்கவும் சமைக்கவும் அதைத் தவிர்ப்பது முறையே. ஆனால் ஆர்.ஓ. நீர் சிறுநீரகத்தைத் தேற்றும் மருந்தன்று. கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கரைபொருள் உள்ள நீரை ஒரு லிட்டர் அருந்தினால், எல்லா உப்புகளும் சேர்ந்தே ஒரு கிராம்தான். ஒரு தேக்கரண்டி சமையல் உப்போ ஏறத்தாழ 5 கிராம். கேன் தண்ணீருக்குச் செலவு செய்துவிட்டு ஊறுகாயையும் அப்பளத்தையும் தட்டில் வைத்துக்கொண்டால் எதையும் சாதித்தவர் ஆகமாட்டோம்.

டயாலிசிஸ் இயந்திரத்துக்குச் செல்லும் நீரின் கதை முற்றிலும் வேறு. இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும். இப்பிரிவில் நிகழ்வனவற்றின் உட்பொருள் இதில்தான் உள்ளது.

சவ்வின் வழியே சிறு மூலக்கூறுகள் கடக்கும், பெரியவை கடக்கா என்பதைப் பிரித்தறிந்து, அப்பிரிப்புக்கு ‘டயாலிசிஸ்’ என்று 1861இல் பெயரிட்டவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். சிறுநீரிலிருந்து யூரியாவை இவ்வழியில் பிரித்தும் காட்டினார். நோயாளியின் படுக்கையருகே அது வந்துசேர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில் மருத்துவர் வில்லெம் கோல்ஃப், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி, அதனுள் இரத்தத்தை ஓடவிட்டு, உருளையை உப்புநீரில் சுழலச் செய்தார். 1943இல் தொடங்கிய அம்முயற்சியில் முதலில் வந்த நோயாளிகள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945இல் நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண்மணி ஒருவர் கண்விழித்தார். பின்னர்ப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்று உங்கள் அருகில் தொங்கும் உருளைவடிவ டயாலைசருக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் நுண்குழல்கள் உள்ளன. குழலுக்குள் இரத்தம், குழலுக்கு வெளியே, எதிர்த்திசையில், நாங்கள் கலந்து தரும் கரைசல். யூரியா இரத்தத்தில் மிகுதி, கரைசலில் அறவே இல்லை. எனவே அது பரவி வெளியேறுகிறது. பொட்டாசியம் கரைசலில் குறைவாக வைக்கப்படுவதால் அதுவும் இறங்குகிறது. சோடியம் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் அப்படியே நிற்கிறது. ஆல்புமின் புரதமும் இரத்த அணுக்களும் துளையினும் பெரியவை. ஆதலால் குழலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. சேர்ந்த மிகை நீரை அழுத்த வேறுபாட்டால் இயந்திரம் உறிஞ்சி எடுக்கிறது. வயிற்றறைவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அழுத்தத்தின் இடத்தில் குளுக்கோஸ் நிற்கிறது. பையிலுள்ள குளுக்கோஸ் சவ்வூடு பரவலால் நீரை வரவழைக்கிறது. செறிவு கூடிய பையைப் பயன்படுத்தினால் நீர் மிகுதியாக வருவது இதனால்தான்.

கரைசல் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். நாம் அருந்தும் இரண்டு லிட்டர் நீருக்குக் குடல் என்னும் காவல் உண்டு. இந்த 120 லிட்டருக்கும் இரத்தத்துக்கும் இடையில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. யூரியா வெளியே வரும் அதே துளை வழியே நீரிலுள்ள நச்சு உள்ளே செல்லும். குடிநீரில் கிருமியழிக்கச் சேர்க்கும் குளோரின் குடிப்பவருக்குத் தீங்கு செய்வதில்லை. டயாலிசிஸ் நீரில் அது எஞ்சினால் சிவப்பணுக்கள் சிதையும். 1996இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகர டயாலிசிஸ் நிலையத்தில், நீர்த்தேக்கத்துப் பாசியின் நச்சு கலந்த நீரால் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவேதான் கரித்தூள் வடிப்பான், மென்னீராக்கி, ஆர்.ஓ. சவ்வு என்று அடுத்தடுத்துக் கடந்த பின்பே நீர் இயந்திரத்தை அடைகிறது. பணி தொடங்குமுன் தொழில்நுட்பர் குளோரினைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுகிறார். காலையில் அவர் சில நிமிடம் தாமதிக்கச் செய்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் டயாலிசிஸை இரண்டு மணி நேரத்தில் நிறுத்துவது ஏன்? யூரியா உயிரணுச் சவ்வைக் கடக்கும். ஆனால் நீரைப் போல விரைவாகக் கடப்பதில்லை. பல வாரங்களாக யூரியா ஏறியிருந்தவரின் மூளையிலும் அதே அளவு யூரியா ஊறியிருக்கும். இரத்தத்திலுள்ளதை நான்கு மணி நேரத்தில் வேகமாக அகற்றிவிட்டால், மூளையிலுள்ளது உடனே இறங்காது. சிறிது நேரம் மூளை செறிவு மிகுந்த பக்கமாகவும் இரத்தம் செறிவு குறைந்த பக்கமாகவும் ஆகிவிடும். நீர் எங்கே செல்லும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். மூளை வீங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம், சிலருக்கு வலிப்பு வரை ஏற்படக்கூடும். ஆகவே முதல் நாள் குறைந்த நேரம், குறைந்த வேகம். மறுநாள் சற்றுக் கூடுதல். நேரத்தைக் குறைத்தது கட்டணத்துக்காகவோ இயந்திரம் கிடைக்காமலோ அன்று.

நீரை எடுப்பதற்கும் வேக எல்லை உண்டு. இயந்திரம் எடுப்பது இரத்தக் குழாயிலுள்ள நீரை. கால் வீக்கத்தில் நிற்கும் நீர் மெல்லக் குழாய்க்குத் திரும்பினால்தான் அவ்விடம் நிரம்பும். எனவே உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மிகாமல் எடுக்க முயல்கிறோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் இது மூன்று லிட்டர் சொச்சம். இடைப்பட்ட நாள்களில் ஐந்து கிலோ ஏறி வந்தால் எங்கள் முன் இரண்டே வழிகள்: வேகமாக எடுத்துத் தசைப்பிடிப்புக்கும் அழுத்த வீழ்ச்சிக்கும் ஆளாக்குவது, அல்லது மிச்சத்தை நுரையீரலருகே விட்டு வீட்டுக்கு அனுப்புவது. இரண்டும் நல்லதன்று.

உப்பும் நீரும் எதிரிகள் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். வயிற்றுப்போக்கில் இதே உறவுதான் உயிர் காக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்தால் மட்டுமே நுழையும் வாயில் ஒன்றுண்டு. அவை நுழைந்தால் நீர் பின்தொடரும். காலராவிலும் இவ்வாயில் மூடுவதில்லை. 1971இல் வங்க எல்லையில் பொங்கான் அகதிகள் முகாமில் ஊசிவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோன வேளையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த இறப்பு, அக்கரைசலைப் பெற்றவர்களிடையே நான்குக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். சிக்கனம் கருதிக் குறைந்த நீரில் கரைத்தால் செறிவு மிகுந்து குடலே நீரை இழக்கும். அரைப் பொட்டலத்தைக் கண் அளவாகக் கரைப்பதும் தவறு. டயாலிசிஸில் உள்ளவர்கள் மட்டும் அதில் பொட்டாசியம் இருப்பதால் எங்களைக் கேட்டபின் அருந்துங்கள்.

மழைக்காலம் நெருங்குவதால் சடையங்குப்பம் வாசகர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டுக் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும் நாள்களில் பர்மா நகர், இருளர் காலனிப் பகுதிகளிலிருந்து வெளியே வருவதே கடினமாகிவிடுவதை அறிவோம். டயாலிசிஸ் ஒரு நாள் தவறினால் உங்களைக் காப்பது தட்டும் டம்ளரும்தான். வெள்ள எச்சரிக்கை வந்தவுடனேயே தொலைபேசியில் அழையுங்கள். முடிந்தவரை முன்கூட்டியே டயாலிசிஸ் செய்து அனுப்ப முயல்வோம். வர இயலாத நாள்களில் நீரை அரை லிட்டர் அளவுக்குக் குறைத்து, வாழைப்பழம், இளநீர், கீரை, தக்காளி, பருப்பு ஆகியவற்றை விலக்கி, உப்பில்லாச் சோறும் வடித்துக் கொட்டிய காய்கறியும் உண்ணுங்கள். நிவாரணமாக வரும் பிஸ்கட், சிப்ஸ், புளிச்சோற்றுப் பொட்டலங்களில் உப்பு மிகுதி. குடும்பத்தில் பிறர் உண்ணட்டும். படுத்தால் மூச்சுத் திணறல், கால்களில் திடீர்த் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு இவற்றுள் ஒன்று தோன்றினாலும் தண்ணீர் வடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைத்து, எந்த மருத்துவமனை அருகில் உள்ளதோ அங்கே செல்லுங்கள். கடைசி டயாலிசிஸ் குறிப்புத் தாளையும் உலர் எடை எழுதிய அட்டையையும் நெகிழி உறையிலிட்டு, மருந்துகளோடு வீட்டின் உயரமான அலமாரியில் இன்றே எடுத்து வையுங்கள்.